பாயின்ட்டும் எலக்ட்ரானிக் பெட்டியும்

திருவண்ணாமலையில் மலைக்கு அடுத்தபடியாக யாராலும் அசைக்க முடியாதது டிரைவர் பாயின்ட்டின் அபிப்பிராயம்தான். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் தெரு ரைஸ்மில் முதலாளியின் கறுப்புக் காரை ஓட்டினார். பழைய எஞ்சின். அதில் பொறி பறக்க வைப்பது பாயின்ட் என்கிற இரண்டு குட்டி உலோக முனைகள். கரி பிடிக்கும், தேயும். அடிக்கடி அரத்தால் ராவி, இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அதற்கென்று அளவுத் தகடு விற்கிறார்கள். நம் டிரைவருக்கோ அளவுத் தகடு கல்யாணப் பத்திரிகை அட்டைதான்; அதனாலேயே அந்தப் பெயர். யார் கொடுத்தாலும் முகூர்த்தத் தேதியைப் பார்க்க மாட்டார்; ஓரத்தைத் தடவுவார்.

"அட்டை கனம் கம்மிங்க. கல்யாணத்துக்கு நான் வரேன், காரு வராது."

நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை உலகத்தைத் திருத்தலாம் என்றிருந்த சமயம் அது. மெட்ராஸில் பாயின்ட்டுக்குப் பதிலாகப் பொறி கொடுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி புதிதாக வந்திருந்தது. தேயாது, ராவ வேண்டாம். முதலாளி வீட்டில் போய் முழங்கினேன்.

"பாயின்ட்டுன்னா கண்ணால பாக்கலாம். உன் பொட்டிக்குள்ள இன்னா கீது தம்பி?"

"டிரான்சிஸ்டர் அண்ணே."

"அப்ப நல்ல பாட்டா வையி."

அவர் பயம் எனக்குப் புரியவில்லை. முதலாளி மகனுக்குப் புரிந்தது. "இத மாட்டிட்டா நானே ஓட்டிக்குவேன். டிரைவர் எதுக்கு?" என்றான், அவர் காதில் விழும்படியே.

மாட்டினார்கள். மறுநாள் கார் கிளம்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. பாயின்ட்டு பானட்டைத் துடைத்தபடி, பால் வடியும் முகத்தோடு கேட்டார்: "பழசையே மாட்டிடலாங்களா மொதலாளி?"

முதலாளி சரி என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில், முதலாளியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் சாய்ந்தார். தீபத் திருவிழாக் கூட்டம். வேறு வண்டி கிடைக்காது. மகன் சாவியைத் திருகினான். எஞ்சின் கரகரவென்று சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை.

பாயின்ட்டு முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னத் துண்டை எடுத்தார். ரோட்டர். அது இல்லாவிட்டால், எந்தப் பெட்டியை மாட்டினாலும் பிளக்குக்குக் கரண்ட் போகாது. எல்லோர் கண்ணெதிரிலும் அதைப் பொருத்தி மூடினார்.

"நவுருங்க சின்ன மொதலாளி."

அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்த எஞ்சின் அவ்வளவு பூப்போல ஓடி யாரும் கேட்டதில்லை. கூட்டத்துக்குள் புகுந்து ஆஸ்பத்திரி சேர்த்தார். அம்மா பிழைத்தார்.

அம்மா வீடு திரும்பிய வாரமே பாயின்ட்டை நிறுத்திவிட்டார்கள்.

"பார்ட்ஸ ஒளிச்சி வச்சவன எப்படி வச்சிக்கிறது? அதான் யார் தொட்டாலும் ஸ்டார்ட் ஆவுதே" என்றான் மகன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, நிதானமாகக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் என் பெட்டியின் வெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாயின்ட்டு இப்போது ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வாட்ச்மேன். என் சைக்கிளைக் கண்டால் கையைக் காட்டி நிறுத்துவார்.

"இன்னா தம்பி, உன் பொட்டி ஓடுதா?"

அது ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை.

"எங்கண்ணே! இன்னிக்குக் காலைலகூட நாலு பேரு தள்ளுனாங்க."

"நான் அப்பவே சொல்லல?" அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. இதைச் சொல்லத்தான் போய்வருகிறேன்.