படலையில் கழுதை நிற்கும் வீடு

உப்புக்குளம், மன்னார்.
வியாழக்கிழமை

அன்புள்ள மருமகன் றெனால்டுக்கு,

மடுமாதாவின் துணையால் இங்கு எல்லோரும் சுகம், என் இடுப்பைத் தவிர. நீயும் கனடாக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாயிருப்பாய் என நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து வேறு கதையாக்கிவிடுவாள் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் உனக்குப் பெண் பார்க்கப் பேசாலைக்குப் புறப்பட்டோம். பின்னேரம் வங்காலையிலிருந்து வேறொரு பகுதியும் அதே பெண்ணைப் பார்க்க வருகிறது, முந்திக்கொள்ளுங்கள் என்று தரகர் எச்சரித்திருந்தார். பேசிவைத்த வான் வரவில்லை. பெரியமடுவிலிருந்து நெல் இறக்க வந்திருந்த என் சிநேகிதன் கனகரத்தினம், தன் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை இழுவைப் பெட்டியோடு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். உன் அம்மா பட்டுச்சேலையோடு பெட்டிக்குள் கதிரை போட்டு அமர்ந்தாள். நான் கீழே குந்தியிருந்து வழி முழுக்கக் காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன், கதிரையின் காலை. சைக்கிளில் போன ஐஸ்பழக்காரர் எங்களை முந்திப் போய், வியாபாரம் முடித்துத் திரும்பியும் வந்தார்.

"கனகரத்தினம் அண்ணை, கொஞ்சம் விரசா விடுங்கோவன்!"

"தங்கச்சி, இது வயலுக்குப் போற சாமான். கலியாண விசயமெண்டு அதுக்குத் தெரியாது."

தரகர் சொன்ன அடையாளம்: சந்தி தாண்டி இடக்கைப் பக்கம், படலையில் கழுதை நிற்கும் வீடு. என் வழக்கப்படி இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்தேன். கழுதையின் நிறத்தைக்கூடக் கேட்டேன். கழுதைக்குக் கால் உண்டு என்பது மட்டும், மன்னாரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை.

சாம்பல் நிறக் கழுதை ஒரு வீட்டு வாசல் படலையில் நின்றது. இறங்கினோம். வீட்டுக்காரர் கிறகரி மடியிலிருந்த வலையை ஒதுக்கிவிட்டு எழுந்து வரவேற்றார். நண்டுக்கறியோடு சோறு வந்தது. அவர் மகள் மதுஷிகா, "அங்கிள், இதை ஒருக்கா நான் ஓடிப் பாக்கட்டோ?" என்று கனகரத்தினத்திடம் கேட்டு, லாண்ட்மாஸ்ரரில் ஏறி வளவைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தாள். பெட்டிக்குள் கதிரை ஆடவேயில்லை. உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள்: "அண்ணை, இதுதான் பிள்ளை!"

அப்போது தரகர் அழைத்தார். "ஐயா, எங்கை நிக்கிறியள்? இஞ்சை சனம் வழி பாத்துக் களைச்சுப்போச்சு!"

எட்டிப் பார்த்தேன். கழுதை கோவில் மதிலோரம் போய் நின்றது. எனக்கு நண்டு தொண்டையில் நின்றது.

"நானும் யோசிச்சனான், ஆர் இந்த மூண்டு பேரெண்டு," என்றார் கிறகரி. "வெயிலுக்கை வந்த ஆக்களைச் சாப்பிட முந்தி எப்பிடிக் கேக்கிறது?"

சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வங்காலைக்காரர் வந்து, சம்மதமும் வாங்கி, பலகாரத்தையும் முடித்திருந்தார்கள். உன் கலியாணம் என் கவனத்தால் கெட்டது, மருமகன். அன்றிலிருந்து நித்திரையில்லை.

ஆகவே நன்றாக யோசித்து எழுதுகிறேன். வருகிற வருடம்வரை பொறுத்திரு. அடுத்த முறை வேறு ஆரையாவது அனுப்புவோம். கிறகரி வீட்டுப் பிள்ளையைப் பற்றி உன் அம்மா ஏதும் சொன்னால் காதில் போடாதே. வழி தவறிப் போய்ச் சோறும் தின்றுவிட்டுப் பெண்ணும் கேட்பது மரியாதையல்ல. இதை அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அப்போது அவள் நித்திரை.

மாதா உன்னைக் காக்க. கம்பளித் தொப்பியை மறவாதே.

இப்படிக்கு,
உன் மாமா அம்புறோஸ்

பி.கு.: உறையில் போடும்போது உன் அம்மா வந்தாள். ஞாயிறன்றே உன் நம்பரை மதுஷிகாவிடம் கொடுத்துவிட்டாளாம். நீங்கள் தினமும் கதைக்கிறீர்களாம், இரண்டு பேருக்கும் ஓமாம். ஆகவே மேலே உள்ள எதையும் வாசிக்க வேண்டாம். இந்த ஞாயிறு கிறகரி குடும்பம் இங்கே வருகிறது. வீட்டுக்கு அடையாளம் கேட்டிருக்கிறார்கள், கனகரத்தினம் சொல்லிவிட்டான். சொன்னதோடு நில்லாமல் ஒரு கழுதையைப் பெட்டியில் ஏற்றிவந்து படலையில் இறக்கியும் விட்டான். ஞாயிறுவரை அது அசையக் கூடாது. கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்; இந்த வரிகளை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.