பிடிக்க ஆள் வேண்டாத மேஜை

ரிஷிவந்தியத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த வீரமணிக்கு ஒரே உதவியாள் அவன் மனைவி ஜெயம்மாள். அவன் பற்றவைக்கும்போது குழாயைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. கை குழாயைப் பிடிக்கும். வாய் அவனைப் பிடித்துக்கொள்ளும். கோணுது, தூக்குது, போன கேட்டும் இப்படித்தான் போச்சு என்பாள்.

போன கேட் அப்படித்தான் போனது. பட்டறைத் தரை மேடு பள்ளம். அதில் கிடத்திப் பற்றவைத்த கேட்டும் மேடு பள்ளம். வாங்கிப்போன பொன்னுரங்கம் அதைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டு, ஆடு நுழையச் சந்து விட்டால் கேட் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றே வீரமணி சபதம் எடுத்தான். கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கனத்த இரும்புத் தகடும் காந்தக் கிளாம்ப்களும் வாங்கிவந்தான். மேடு பள்ளமில்லாத இரும்பு மேஜை செய்து அதன்மேல் காந்தத்தை வைத்தால், அது மேஜையையும் குழாயையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். மூலை பிசகாது. பிடிக்க ஆள் வேண்டாம். முக்கியமாக, காந்தம் பேசாது.

ஜெயம்மாளிடம் சொன்னது வேறு. உன் கை பொசுங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை என்றான். அவள் அவனையே சற்றுப் பார்த்துவிட்டு, சரி என்றாள். அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

கால் நிறுத்தி, சட்டம் போட்டு, தகட்டை வைத்து, அவசரத்தில் ஓரம் முழுக்க ஒரே இழுப்பாகப் பற்றவைத்தான். சூட்டில் தகடு அப்பளமாக உப்பியது. மட்டம் பார்க்க வைத்த ரசமட்டத்தின் குமிழி ஒரு மூலையில் போய் ஒளிந்துகொண்டது. தொந்தி போட்ட மேஜையின் முன்னால் வீரமணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பட்டறையை மூடிவிட்டுக் கல்வராயன் மலையேறிச் சாமியாராகிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

ஜெயம்மாள் குனிந்து பார்த்தாள்.

"ஒரே இழுவையா இழுத்தா உப்பாம இன்னா பண்ணும்? அறுத்துட்டு எதிர் எதிரா பொட்டுப் பொட்டா வைங்க. நடுவுல ஆற வுடுங்க."

அறுத்தான். தட்டி நிமிர்த்தினான். பொட்டு வைத்து ஆறவிட்டான். மேஜை குளத்துத் தண்ணீர் போல மட்டமாக நின்றது. காந்தங்கள் டப்பென்று ஒட்டின. குழாய் அசையவில்லை.

"இனிமே புடிக்க ஆளே வாணாம் இல்ல?" என்றாள்.

"வாணவே வாணாம். நீ நிம்மதியா இரு," என்றான், சந்தோஷத்தை மறைக்க முடியாமல்.

அவள் வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த வேலை. பொன்னுரங்கத்தின் கேட்டைப் பிரித்து, காந்தங்களிடம் பிடிக்கக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் பற்றவைத்து நிமிர்த்தினாள். ஒரு கோணல் இல்லை. பொன்னுரங்கம் வந்து பார்த்துவிட்டு, என் தம்பி வீட்டுக் கேட்டையும் இந்தத் தங்கச்சியே செய்யட்டும் என்று அழுத்திச் சொல்லிப் போனார்.

வீரமணி வெல்டிங் கண்ணாடியைக் கேட்டுப் பரிதாபமாகக் கை நீட்டினான்.

"தள்ளி நில்லுங்க, பொறி தெறிக்கும்," என்றாள் ஜெயம்மாள். "அதான் புடிக்க ஆள் வாணாம்ல? வூட்டுல உலை கொதிச்சிக்கினு கெடக்கு. போய் அரிசி போடுங்க."

போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்று கேட்டான்.