சிறுத்தைக்கு வந்த வாக்குத்தத்த அட்டை

ஒரு காட்டில் ஞாயிறு தவறாமல் சபைக்கு வரும் சிறுத்தை ஒன்று இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. பெயர் ஜெபராசு.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது அந்தச் சபை வழக்கம். அட்டையில் ஒரு வசனம் இருக்கும். வருஷம் முழுக்க அதுதான் அவரவருக்குக் கடவுள் தந்த வாக்கு. ஜெபராசு எடுத்த அட்டையில், சிறுத்தையும் வெள்ளாட்டுக்குட்டியும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும் என்று இருந்தது. வாசலைத் தாண்டுமுன்பே அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்.

அதைப் பார்த்த வெள்ளாடு ஞானப்பூ தன் குட்டியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அந்தச் சபையில் குட்டி வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

நினைத்தபடியே மறுநாள் காலையில் ஜெபராசு, சபையில் வசனத்துக்கு விளக்கம் சொல்லும் உபதேசியாரான முயலையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். குட்டியைத் தன் குகைக்குப் படுக்க அனுப்ப வேண்டுமாம். கடவுள் வாக்கு நிறைவேற வேண்டாமா என்றார். ஞானப்பூ வேதத்தை எடுத்து வந்து, அட்டையில் இல்லாத அடுத்த வரியைக் காட்டினாள். சிங்கம் மாடு மாதிரி வைக்கோல் தின்னும் என்று அதில் இருந்தது.

“சிங்கமே தின்னுதாம். அண்ணாச்சிக்கும் ஒரு கட்டு எடுத்து வைக்கட்டுமா?”

உபதேசியார் ஜெபராசுவின் பல்லைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வைக்கோல் என்பது உவமை, எளிமையாக வாழ வேண்டும் என்று பொருள் என்றார். அப்படியானால் குட்டி? குட்டி என்றால் குட்டிதானாம்.

“ஒரே மூச்சுல சொன்னதுல ஒண்ணு உவமை, ஒண்ணு நெசமா? அதை எப்படிப் பிரிக்கிறது?”

“சந்தர்ப்பத்தைப் பாக்கணும்மா.”

ஞானப்பூவும் பார்த்தாள். பல் இரண்டு வரிசையாகத் தெரிந்தது. சரி, பொழுது சாய அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஜெபராசு பாய் விரித்து, மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுக் காத்திருந்தார். பொழுது சாய்ந்தது, குட்டி வரவில்லை. உபதேசியாரை இழுத்துக்கொண்டு போனால், கதவு தாழ்போட்டிருந்தது. உள்ளே குட்டி அகத்திக்கீரை கடிக்கும் சத்தம்.

“அனுப்புதேன்னு நான் சொன்னது உவமை அண்ணாச்சி,” என்றாள் ஞானப்பூ உள்ளிருந்தே. “மனசால அனுப்பிட்டேன்.”

ஜெபராசு கதவை முட்டிப் பார்த்தார். அசையவில்லை. மெல்லத் திரும்பி, முயல் வருகிற வசனம் ஏதும் உண்டா என்று உபதேசியாரைக் கேட்டார். உண்டு, ஆனால் முயலைத் தின்னவே கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது என்று உபதேசியார் அவசரமாகச் சொன்னார்.

ஜெபராசு அவர் தோளில் கை போட்டார்.

“அது உவமையா இருக்கும், உபதேசியாரே. சந்தர்ப்பத்தைப் பாத்து இன்னொருக்க நல்லாச் சொல்லுங்க.”

நீதி: வசனத்துக்கு விளக்கம் சொல்கிறவர் வீட்டுக்குள் இருந்து சொல்வது நல்லது, அதுவும் கதவைத் தாழ்போட்டுவிட்டு.