ஜீவரட்ணத்தாற்ர அயன் ஊழியம்

இருங்கோ, இருங்கோ. நிக்கிற ஆக்கள் இருங்கோ, இருக்கிற ஆக்கள் வாயை மூடுங்கோ. பின்னாலை றோல்ஸ் கடிக்கிறவை கடியுங்கோ, சத்தம் மட்டும் வரப்படாது. பிள்ளையள் அழுதால் அழட்டும். புருசன்மார் அழக்கூடாது. ஏனெண்டால் இது ஒரு புருசன்ர கதை, இடையிலை அழுதால் முடிவு கேக்காது.

டென்மார்க்கிலை, பிராண்டே எண்ட ஊரிலை ஜீவரட்ணம் அண்ணை எண்டு ஒருத்தர். காத்தாலைக்கு இறக்கை செய்யிற ஃபாக்டரியிலை வேலை. அவர் செய்யிற இறக்கை ஒவ்வொண்டும் ஒரு தெரு நீளம். வீட்டிலை அவற்ர சொல்லு ஒரு சாண் உயரத்துக்கும் எழும்பாது. மனுசி தேவமலர் அக்கா, ஹேர்னிங்கிலை வயசானாக்களைப் பாக்கிற இல்லத்திலை வேலை. கஞ்சி வேண்டாமெண்டு அடம்பிடிக்கிற டெனிஷ் கிழவனை ஒரே பார்வையிலை ரெண்டு கோப்பை குடிக்க வைக்கிறவ. அண்ணை எம்மாத்திரம்?

அது ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. மே மாசத்தோடை ஊரிலை சண்டை முடிஞ்சுது. எப்பிடி முடிஞ்சதெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதை நான் இப்ப சொல்ல வரேல்லை. அதுக்கு முந்தின மாசமெல்லாம் அவையின்ர வீட்டு ரீவி மூச்சு விடாமல் ஓடினது. அண்ணை றிமோட்டைப் பிடிச்சபடி சோபாவிலை இருப்பார். கையிலை அது மட்டும்தான் இருந்தது, அதாலை ஒண்டும் செய்யேலாது. எல்லாம் முடிஞ்ச அண்டைக்கு அக்கா எழும்பி வயரைப் பிடுங்கினா.

"இஞ்சருங்கோப்பா. இனி இந்த வீட்டுக்குள்ளை ஒரு வெடிச்சத்தம் கேக்கப்படாது. செய்தியும் வேண்டாம், சண்டைப் படமும் வேண்டாம்."

"ஓம்" எண்டார் அண்ணை. மனசாரத்தான் சொன்னவர்.

ஆனால் கை இருக்கே கை, அது மனசின்ர சொல்லுக் கேக்காது. றிமோட் பிடிச்சுப் பழகின கை சும்மா கிடந்து துறுதுறுத்தது. ஆவணியிலை விபோர்க்கிலை ஒரு பழஞ்சாமான் சந்தை. அங்கை ஒரு உடைஞ்ச குதிரை பொம்மைக்கும் ஒரு பெட்டி கரண்டிக்கும் நடுவிலை அண்ணை ஒண்டைக் கண்டார். கண்டதும் கண் கலங்கிப்போச்சு.

கசற் போட்டு ஓட்டுற பழைய கொம்பியூட்டர். பக்கத்திலை ஒரு கசற். கசற் மட்டையிலை அவற்ர தும்பி!

தும்பி எண்டால் என்னெண்டு கேக்கிறியளோ? சொல்லுறன், பொறுங்கோ. அண்ணை டென்மார்க்குக்கு வந்த புதுசிலை, அகதி முகாமுக்குப் பக்கத்திலை ஒரு கிறில்பார், இறைச்சி சுட்டு விக்கிற கடை. அதுக்குள்ளை அலுமாரி உயரத்திலை ஒரு விளையாட்டு மெஷின். காசு போட்டால் தும்பி மாதிரி ஒரு சின்ன விண்கப்பல் வரும். அது பறக்கப் பறக்க வானம் பின்பக்கமா ஓடும். முன்னாலை வாறதையெல்லாம் சுட்டுச் சுட்டுப் போக வேணும். டெனிஷிலை 'வணக்கம்' சொல்லப் பழக முதல் அண்ணை அதிலை மூண்டாம் கட்டம் தாண்டிட்டார். ஆனால் கடைசிக் கட்டத்தைக் கண்டவர் ஒருத்தருமில்லை. கிறில்பார் முதலாளி, மாட்டிறைச்சியைப் பிரட்டிக்கொண்டு சொல்லுவான்: "முடிச்சுப் பார் ஜீவா. முடிக்கிறவனுக்குத்தான் அந்த அதிசயம் தெரியும்!" அவனுக்கு வேறை என்ன, காசு விழுந்தால் சரி. ஒருநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போட்டாங்கள். அண்ணைக்கு அண்டையிலை இருந்து ஒரே கவலை. கலியாணம் முடிஞ்சுது, வீடு வாங்கினார், ரெண்டு கார் மாத்தினார். ஆனால் அந்த முடிவிலை என்ன வரும்? வாணவேடிக்கையோ? ராசாத்தியோ? பதக்கமோ?

அதை ஒருக்கால் தன்ர கையாலை முடிச்சுப் பாக்க வேணும். அந்த வருசம் அவருக்கு வேறை ஆசையே இல்லை.

சரி, வாங்கியாச்சு. எங்கை வைக்கிறது? உடுப்புத் தோய்க்கிற அறையிலை பழைய கொழுத்த ரீவி ஒண்டு கிடந்தது. அதோடை கொழுவிப்போட்டு, சவர்க்காரத் தூள் பெட்டியளாலை மறைச்சார். சத்தத்தை முழுக்கக் குறைச்சார், அக்காவின்ர கட்டளை எல்லோ. பிறகு குசினிக்குப் போய் நெஞ்சை நிமித்திச் சொன்னார்:

"மலர், இண்டையிலை இருந்து இந்த வீட்டிலை அயன் பண்ணுறது நான்."

அக்கா வெங்காயம் வெட்டுறதை நிப்பாட்டினா.

"என்னப்பா, காய்ச்சலோ?"

"காய்ச்சலில்லை. ஆணும் பெண்ணும் சமம்."

"இருவது வருசமா இது எங்கை இருந்தது?"

"டென்மார்க் என்னை மெல்ல மெல்லத்தான் திருத்துது."

"திருந்துங்கோ, திருந்துங்கோ. ஆர் வேண்டாமெண்டது?" எண்டு அக்கா வெங்காயத்துக்குத் திரும்பினா.

அண்ணை அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினார். இனித்தான் சங்கதி. மெஷினிலை ஓடின விளையாட்டை வீட்டுக் கொம்பியூட்டருக்கெண்டு சுருக்கிக் கசற்றிலை அடைச்சிருந்தாங்கள். சுருக்கினதெண்டால் சுடுதண்ணியிலை தோய்ச்ச கம்பளிச் சட்டை மாதிரிச் சுருக்கிப்போட்டாங்கள். தும்பி ஒரு இலையான் ஈ அளவு. மெஷினிலை திமிங்கிலமா வந்த பூதம் இதிலை சூடைக் கருவாடா வந்தது. மெஷினிலை சுடுறதுக்கு ஒரு பொத்தான், குண்டு போட இன்னொரு பொத்தான். இதின்ர கைப்பிடியிலை ஒரேயொரு பொத்தான். குண்டு போட வேணுமெண்டால் கீபோட்டிலை இருக்கிற நீளக் கட்டையை அமத்த வேணும். மூண்டாவது கைக்கு எங்கை போறது? அண்ணை கீபோட்டை நிலத்திலை வைச்சார். சப்பாத்தைக் கழட்டினார். கால் பெருவிரலாலை குண்டு போட்டார்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் கசற். ஒரு கட்டம் முடிஞ்சால் அடுத்த கட்டம் கசற்றிலை இருந்து மெல்ல மெல்ல ஏற வேணும். விளையாட்டிலை செத்தால் கசற்றை முழுக்கப் பின்னுக்குச் சுத்திப்போட்டு முதலாம் கட்டத்திலை இருந்து திரும்ப ஏத்த வேணும். அது ஏறுற நேரத்துக்கு யாழ்ப்பாணத்திலை இருந்து ஒரு தபால் வந்திடும். அந்த நேரம் சும்மா நிண்டு என்ன செய்யிறது? அண்ணை அயன் பண்ணினார். ஒருக்கால் செத்தால் நாலு சேட்டு. இன்னொருக்கால் செத்தால் காற்சட்டையும் தலகாணி உறையும்.

அண்ணை நல்லாச் செத்தார்.

ரீவியிலை சத்தம் இல்லைத்தான். வாயிலை?

"புஸ்ஸ்... புஸ்ஸ்... டப்! செத்தான்!"

"என்னப்பா அங்கை புஸ் புஸ் எண்டு கேக்குது?" குசினியிலை இருந்து அக்கா.

"ஸ்டீம் அயனப்பா, ஸ்டீம்!"

"அப்ப 'செத்தான்' எண்டது?"

"சுருக்கம்! சேட்டிலை ஒரு சுருக்கம் கிடந்தது, அது செத்துது!"

"'மேலாலை வாறான், கீழாலை வாறான்' எண்டும் கேட்டுது."

"கொலராலை வந்து கைப்பக்கமாப் போற சுருக்கமப்பா. பொல்லாத சுருக்கம்!"

"ஓ" எண்டா அக்கா. அந்த 'ஓ' கொஞ்சம் நீளம். அண்ணை கவனிக்கேல்லை. அவருக்கு ரெண்டாம் கட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை அக்கா கதவைத் தட்டினா. "இவ்வளவு நேரம் நிண்டு இவ்வளவுதானோ? அந்த யன்னல் சீலையளையும் பாருங்கோவன்." அண்ணை பாத்தார். மாட்டனெண்டால் அறை போயிடும். அடுத்த கிழமை மெத்தை விரிப்பு. அடுத்த கிழமை ஒரு பெரிய நீலப் பை.

"இது ஆற்றை?"

"மேரிகிறேஸ் அக்கான்ர. அவவுக்குக் கை நோவாம். உங்கட அயனைப் பாத்திட்டுச் சொன்னா, இது மனுசன் பண்ணின மாதிரியே இல்லையாம்."

மேரிகிறேஸ் அக்கா அவை போற தேவசபையிலை ஒராள். வாய் திறந்தால் ஹேர்னிங்கிலை இருந்து பிராண்டே வரைக்கும் றோட்டு முழுக்கக் கதைதான். புருசன் அந்தோனிமுத்து பக்கத்திலை கார் ஓட்டுவார். மனுசன் வாய் திறந்ததை ஒருத்தரும் கண்டதில்லை. ஒருக்கால் கொட்டாவி விட்டவராம், அதையே சபையிலை அதிசயமாக் கதைச்சவையாம்.

பெந்தெகொஸ்தே சபையெண்டால் தெரியும்தானே, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெள்ளை. அதிலையும் பருத்திச் சீலை. கசக்கிப் போட்ட கடுதாசி மாதிரி வரும், கத்தி மாதிரி மடிச்சுக் குடுக்க வேணும். மேரிகிறேஸ் அக்கான்ர வாய் ஒரு கிழமை வேலை செய்தது. பிறகு நீலப் பையள் வரத் தொடங்கினது பாருங்கோ, ஹேர்னிங்கிலை இருந்து, விபோர்க்கிலை இருந்து, காரிலை காரிலை.

"மலர், இதென்னப்பா அநியாயம்?"

"அநியாயமோ? உங்கட ஊழியம் எண்டு சபையிலை சொல்லிப்போட்டன்."

அந்த ஞாயிறு பாஸ்டர் மேடையிலை ஏறி நிண்டு சொல்லிப்போட்டார்: "சிலருக்குப் பாடுற ஊழியம், சிலருக்குச் செபிக்கிற ஊழியம். எங்கட சகோதரர் ஜீவரட்ணத்துக்கு அயன் ஊழியம்!" சபை முழுக்க அல்லேலூயா. அண்ணையும் அல்லேலூயா சொன்னார். அவற்ர அல்லேலூயா கொஞ்சம் மெலிவு.

அதுக்குப் பிறகு எப்பிடி விடுறது? பாஸ்டர் வரைக்கும் போனதை விடேலுமோ? அண்ணை செத்தார், அயன் பண்ணினார், செத்தார், அயன் பண்ணினார். ஃபாக்டரியிலை இறக்கையை மினுக்கிற கை வீட்டிலை சீலையை மினுக்கினது. ஆனால் ஒண்டு, சாகச் சாக ஆளுக்குக் கை திருந்திட்டுது. நாலாம் கட்டம் தாண்டினார். அஞ்சாம் கட்டம் தாண்டினார்.

ஐப்பசியிலை ஒரு சனிக்கிழமை பின்னேரம். வீட்டுச் செபக்கூட்டம் அவையின்ர வீட்டிலை. விறாந்தை நிறையச் சனம், தேத்தண்ணி, வடை, கிற்றார். அண்ணை மட்டும் அறைக்குள்ளை. நாளைக்குச் சபைக்கு வேணுமெண்டு குவிஞ்ச வெள்ளை மலை ஒருபக்கம். மற்றப் பக்கம், கேளுங்கோ, கடைசிக் கட்டம் ஏறிக்கொண்டிருக்குது! இவ்வளவு வருசத்துக்குப் பிறகு!

கதவைத் தட்டிப்போட்டு அக்கா ஒரு சீலையை நீட்டினா.

"மேரிகிறேஸ் அக்கான்ர, கடைசிச் சீலை. அவவின்ர கலியாணச் சீலையாம், பத்திரம்."

அண்ணை விரிச்சார். அயனை வைச்சார். அந்த நேரம் பாத்துக் கடைசிக் கட்டம் வந்து திரையிலை நிண்டுது. அண்ணை அயனை வைச்சது வைச்சபடி கைப்பிடியைப் பிடிச்சார். பூதம் வந்தது. சூடைக் கருவாடுதான், ஆனால் எட்டுக் கை. அண்ணை சுட்டார். கால்விரலாலை குண்டு போட்டார். ஒரு கை போச்சு. ரெண்டு கை போச்சு.

விறாந்தையிலை செபம் உச்சத்திலை. "சத்துருவின்ர கோட்டை விழட்டும்!"

அறைக்குள்ளை அண்ணை: "விழு! விழடா! விழு!"

மேரிகிறேஸ் அக்கா கையைத் தூக்கினா. "கேக்குதோ? சகோதரர் உள்ளுக்குத் தனிய நிண்டு ஆவியிலை போராடுறார்! வாங்கோ, நாங்களும் போய்ச் சேருவம்!"

முழுச் சபையும் எழும்பிச்சுது.

உள்ளுக்குப் பூதத்துக்கு மிச்சம் ஒரேயொரு கை. இன்னும் ஒரு குண்டு. அண்ணை பெருவிரலைத் தூக்கினார். அந்த நேரம் மூக்கிலை ஒரு மணம் அடிச்சுது.

கலியாணச் சீலை.

விரல் அந்தரத்திலை நிக்குது. முன்னாலை பூதம், பக்கத்திலை புகை. குண்டைப் போட்டால் சீலை இல்லை. சீலையைக் காப்பாத்தினால் தும்பி இல்லை. அந்த அதிசயமோ, மேரிகிறேஸ் அக்கான்ர வாயோ? அண்ணை யோசிக்கவேயில்லை. கைப்பிடியை எறிஞ்சுபோட்டு அயனைத் தூக்கினார். சீலையிலை தேத்தண்ணி நிறத்திலை ஒரு மங்கல், அவ்வளவுதான். திரும்பிப் பாத்தார். திரையிலை தும்பி துண்டு துண்டா விழுது.

"ஐயோ! நான் செத்துப்போனேனே!"

கதவு திறந்துது. ஒரு சபை நிக்குது. ஒரு கால் வெறுங்கால், ஒரு கையிலை அயன், ஆளின்ர முகம் செத்த வீடு. பின்னாலை ரீவியிலை வானம் மினுங்குது.

"சகோதரர்..." மேரிகிறேஸ் அக்கா ரீவியையும் அயனையும் மாறி மாறிப் பாத்தா. "இதுவோ ஊழியம்?"

அண்ணை மனுசியைப் பாத்தார். "மலர், நான் வந்து... இது வந்து..."

"வந்து என்னப்பா வந்து? முதல் நாளே எனக்குத் தெரியும். எந்த ஆம்பிளை அயன் பண்ணேக்கை 'மேலாலை வாறான்' எண்டு கத்துவான்? எட்டிப் பாத்தன். சத்தத்தை முழுக்கக் குறைச்சுப்போட்டு வாயாலை புஸ் புஸ் எண்டு நிண்டியள். என்ர சொல்லை மதிச்சுத்தானே நிக்கிறாரெண்டு பாவமாப் போச்சு. விட்டிட்டன்."

அண்ணைக்குக் கொஞ்சம் உயிர் வந்துது. "அப்ப இந்தப் பையள்?"

"நீங்கள் கூடக் கூடச் செத்தியள். நான் கூடக் கூட உடுப்புத் தந்தன்."

சபை சிரிச்சுது. பாஸ்டர் இருமுற மாதிரிச் சிரிச்சார். அண்ணைக்கு ரோசம் வந்திட்டுது. அயனை மேசையிலை டக்கெண்டு வைச்சார்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ! எனக்கு மிச்சம் இருந்தது ஒரேயொரு குண்டு. வாற சனிக்கிழமை முடிப்பன். முடிச்சு அந்த அதிசயத்தைப் பாத்தனெண்டால், அதுக்குப் பிறகு இந்தக் கசற்றும் வேண்டாம், இந்த அறையும் வேண்டாம், மூக்குத் துடைக்கிற லேஞ்சிகூட அயன் பண்ண மாட்டன்! பாஸ்டருக்கு முன்னாலை சொல்லுறன், சரியோ மலர்?"

"சரியப்பா" எண்டா அக்கா. "முடிச்சியளெண்டால் உங்களுக்கு விடுதலை."

அண்ணை நிமிந்து நிண்டு சபையை ஒரு பார்வை பாத்தார். வெண்ட மனுசன்ர பார்வை.

பின்வரிசையிலை ஒரு தொண்டைச் செருமல். எல்லாரும் திரும்பினவை. அந்தோனிமுத்து. கையிலை தன்ர நீலப் பை. கதவடியிலை அதை மெல்ல வைச்சுப்போட்டு, மனுசன் வாயைத் திறந்தார்:

"நான் அதை முடிச்சனான் அண்ணை. முடிச்சால் திரும்ப முதலாம் கட்டம்தான் வரும்."