கூழை நட்சத்திரம்

மேழிநாடு என்று ஒரு நாடு. எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்குத்தான் வம்பு.

அந்த நாட்டின் ஐந்து சீமைகளுக்கும் ஒரே ஏரி. ஏரிக்கரையில், மதகுகளுக்குப் பக்கத்தில்தான் கொடிமரம். கொடியில் சீமைக்கு ஒன்றாக ஐந்து நட்சத்திரங்கள். ஒவ்வொரு சீமையும் தன் ஊர்ப் புடவையிலிருந்து ஒரு நட்சத்திரம் வெட்டிக் கொடுக்கும். அதைக் கொடியில் தைப்பார்கள். எந்தச் சீமையின் நட்சத்திரம் மதகுக்காரர் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்தச் சீமையின் மதகு திறக்கும். இதுதான் சட்டம். எழுதி வைக்கவில்லை, கொடியைப் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்து மனிதர்கள், வேறென்ன சொல்ல.

கல்லோடைச் சீமையின் நட்சத்திரம் கட்டம் போட்ட சிவப்புக் கண்டாங்கிப் புடவையில் வெட்டியது. துணி பற்றாமல் ஒரு முனை மட்டும் குட்டையாக, கூழையாகப் போய்விட்டது. மாற்றலாம் என்று சிலர் சொன்னபோது ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை. கூழை முனைதான் நம்முடையதென்று அடையாளம் சொல்லும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த நாட்டில் மன்னரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். நிற்பவர் ஒருவர் என்பதால் குழப்பம் வந்ததில்லை. அப்படி வந்த மன்னர் முதல் வேலையாகக் கொடி அதிகாரி என்றொரு பதவியை உண்டாக்கி, வச்சிரவேலர் என்பவரை அதில் அமர்த்தினார். கல்லோடையை அவரே வைத்துக்கொண்டார், மற்ற நான்கு சீமைகளுக்கும் அவருக்குக் கீழே ஆளுக்கொன்றாக நான்கு அதிகாரிகள். வச்சிரவேலர் முதல் வேலையாகக் கொடிமரத்தை உயர்த்தினார்.

"நாட்டின் பெருமை எவ்வளவு உயரமோ, கொடிமரமும் அவ்வளவு உயரம் இருப்பதே முறை," என்று அறிவித்தார்.

ஜனங்கள் கைதட்டினார்கள். மறு வருஷம் பெருமை இன்னும் கொஞ்சம் கூடியது. அதற்கடுத்த வருஷம் பெருமை தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. கொடி மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு கைக்குட்டைபோல ஆடியது. மதகுக்காரர் காளத்தி அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நட்சத்திரம் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே எந்த மதகைத் திறப்பது என்று கொடி அதிகாரியே சொல்லியனுப்புவார் என்று உத்தரவு வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

அந்த ஆடியில் கல்லோடை மதகு திறக்கவில்லை.

நாற்றங்காலில் நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் போனால் மாட்டுக்குத்தான் ஆகும். அது போய்விட்டால் ஊரில் வேறு விதைநெல் இல்லை. கல்லோடைக்காரர்கள் கூடிப் பேசி, ஊர்த்தலைவி பூவாயியை அனுப்பினார்கள். அவள் யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகாதவள்.

கொடி அலுவலகத்தில் வச்சிரவேலர் எழுந்தே நின்று வரவேற்றார். அவர் தோள்பட்டையில் வெள்ளி நட்சத்திரம் ஒன்று பளபளத்தது. போன வருஷம் இல்லாதது. பதவி உயர்வாம்.

"எங்க மதகு ஏன்யா திறக்கல?" என்றாள் பூவாயி.

"அம்மணி, தங்கள் நட்சத்திரம் கொடியின் இடது மூலையில் சிறப்புற ஒளிர்கிறது. நட்சத்திரம் இருக்கும்போது குறை எப்படி இருக்க முடியும்?"

"ஒளிரட்டும்யா. தண்ணி வரலையே."

"நட்சத்திரம் இருக்கிறது என்பதை நம்புகிறீர்களா, இல்லையா?" என்று கேட்டார் அவர். குரல் மெதுவாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற காவலர் மட்டும் ஓரடி முன்னால் வந்தார்.

பூவாயி நம்புவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வரும்போது அந்த வெள்ளி நட்சத்திரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஏதோ ஒரு பக்கம் சின்னதாகத் தெரிந்தது. வெயிலில் நடந்து வந்த கண், அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

நம்பிக்கை என்பது வேறு, சந்தேகம் என்பது வேறா? மேழிநாட்டில் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன. நம் நட்சத்திரம் மேலே இருக்கிறது என்று எல்லோரும் சத்தமாக நம்பினார்கள். பக்கத்துச் சீமைக்காரன்தான் இருட்டில் ஏறி ஏதோ செய்துவிட்டான் என்று மெதுவாகச் சந்தேகப்பட்டார்கள். கல்லோடைக்காரர்கள் புன்னைவயலைச் சந்தேகப்பட்டார்கள். புன்னைவயலிலும் மதகு திறக்கவில்லை என்பது இவர்களுக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்? பெண் கொடுத்து எடுத்த சீமைகள் சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. பூவாயியும் தன் புன்னைவயல் சம்பந்தியைப் பார்த்து, "தண்ணிக் கள்ளன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

கண்ணுக்கு மேல் கைவைத்துக் கொடியைப் பார்ப்பது குற்றம் என்று அடுத்த உத்தரவு வந்தது. நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்கிறவன் சந்தேகிக்கிறான், சந்தேகிக்கிறவன் நாட்டைக் குறைக்கிறான் என்று வச்சிரவேலர் விளக்கினார். மறுநாளிலிருந்து ஜனங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே கொடிக்கு வணக்கம் வைத்தார்கள்.

ஆடிக்காற்று உத்தரவு படிப்பதில்லை. ஒரு மத்தியானம் பெருமை முழுவதையும் நடுவில் முறித்துப் போட்டது. கொடி ஏரிக்கரையில் வந்து விழுந்தது. ஐந்து சீமை ஜனமும் ஓடி வந்தது. அதிகாரிகளும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். "யாரும் பார்க்கக் கூடாது, திரும்பி நில்லுங்கள்," என்று வச்சிரவேலர் கத்துவதற்குள் காற்று கொடியைப் புரட்டி விரித்துவிட்டது.

நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. நட்சத்திரம் இருந்த இடத்தில் கத்தரித்து எடுத்த ஓட்டைகள் இருந்தன.

இடது மூலையில் இருந்த ஓட்டைக்கு ஒரு முனை கூழை.

பூவாயி நிமிர்ந்து அதிகாரிகளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற புன்னைவயல் சம்பந்தியும் பார்த்தார். ஐந்து அதிகாரிகள், தோள்களில் ஐந்து வெள்ளி நட்சத்திரங்கள்.

"ஐயா, எங்க நட்சத்திரம் எங்க?" என்றாள்.

"பத்திரமான இடத்தில் இருக்கிறது," என்றார் வச்சிரவேலர். பிறகு, "குளிர்கிறது," என்று சொல்லித் தோளில் ஒரு சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டார். மற்ற நால்வருக்கும் உடனே குளிரெடுத்தது. மத்தியான வெயிலில் வியர்வை வழிய வழியக் குளிர்ந்தார்கள்.

அந்த ஆடி முழுக்க, சொல்லியனுப்பியபடி, வச்சிரவேலரின் தென்னந்தோப்புக்கு மட்டும் தண்ணீர் திறந்துவிட்ட காரணம் இப்போது காளத்திக்கும் புரிந்தது. நட்சத்திரம் எங்கேயோ, தண்ணீர் அங்கே. சட்டத்தை யாரும் மீறவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

மறுநாளே சட்டம் வந்தது. அதிகாரியின் தோள் நாட்டின் தோள். அதை வெறுந்தோளாகப் பார்ப்பது அவமரியாதை. ஆகவே அதிகாரிகள் எந்நேரமும் சால்வை அணிவார்கள். அந்தச் சால்வையை அந்தந்தச் சீமை மக்களே நெய்து, மேடையில், கைதட்டலுக்கு நடுவே, தங்கள் கையால் போர்த்த வேண்டும். புதுக்கொடி தயாராகும்வரை மதகுகளைப் பற்றிப் பேச வேண்டாம்.

"மயிராப் போச்சு, நாத்து போயிரும்," என்றார்கள் கல்லோடையில். "இதுல அந்தாளுக்குச் சால்வை வேறயா?"

"நெய்யுங்க," என்றாள் பூவாயி. "பெருசா நெய்யுங்க. ரெண்டு ஆளை மூடுற மாதிரி."

முதல் விழா கல்லோடையுடையது, ஏரிக்கரையில் நடந்தது. மன்னர் உட்கார்ந்திருந்தார். வச்சிரவேலர் பழைய சால்வையை எடுத்துவிட்டுப் புதுச் சால்வைக்குத் தோளைக் கொடுக்க வேண்டிய அந்த நொடியில், பூவாயி பெரிய சால்வையை விரித்து, பழையதன் மேலேயே போர்த்தி, அவரைக் கழுத்துவரை மூடி, தோளோடு சேர்த்து அணைத்தாற்போல நின்றாள். இப்படி ஒரு மரியாதையை யாரும் பார்த்ததில்லை. கைதட்டல் ஏரியைத் தாண்டிக் கேட்டது.

சால்வைக்குள்ளே அவள் விரல்கள் நாற்றுப் பறிக்கிற விரல்கள். வேரோடு வரும், நுனி அறாது.

"என்ன செய்கிறாய்?" என்றார் வச்சிரவேலர், சிரித்த முகம் மாறாமல், பல்லுக்குள்ளே.

"மரியாதை பண்றேன்யா. ஆடாம நில்லுங்க."

"கத்துவேன்."

"கத்துங்க. என்னத்தக் காணோம்னு கத்துவீங்க?"

வச்சிரவேலர் யோசித்தார். திருடி என்று கத்தினால், எது திருட்டுப் போனது என்று கேட்பார்கள். அவர் பெரிய அறிவாளி. கடைசிவரை சிரித்துக்கொண்டே நின்றார்.

பூவாயி மேடையிலிருந்து இறங்கி நேரே மதகுக்குப் போனாள். முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் காளத்தியிடம் நீட்டினாள். மேலே வெள்ளிப் பூச்சு. திருப்பினால் சிவப்புக் கண்டாங்கிக் கட்டம். ஒரு முனை கூழை.

"தெரியுதா?" என்றாள்.

காளத்தி மேடையைப் பார்த்தார், நட்சத்திரத்தைப் பார்த்தார். பயம்தான், அதில் சந்தேகமில்லை.

"தெரியுது," என்று சொல்லி மதகைத் தூக்கினார்.

பூவாயி வாய்க்கால் ஓரமாகத் தண்ணீரோடு கூடவே நடந்து ஊருக்குப் போனாள். போகும் வழியில் புன்னைவயலில் நின்று, சம்பந்தி வீட்டில் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தாள். அவரிடம் என்னவோ காதோடு சொன்னாள்.

அடுத்த நாள் மற்ற நான்கு சீமைகளிலிருந்தும் பெரிய பெரிய சால்வைகளோடு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். தங்களுக்கு இப்போது குளிர் விட்டுவிட்டது, மரியாதை எதுவும் வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லியனுப்பினார்கள். சட்டம் சட்டம்தானே என்று ஜனங்கள் கலையவில்லை.

இது மேழிநாட்டுக் கதை. மற்ற நாடுகளிலும் மேடையில் பெரிய மனிதர்களுக்குச் சால்வை போர்த்துகிறார்கள் என்று கேள்வி. போர்த்தும்போது சிலர் சிரித்துக்கொண்டே ஒரு கையால் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்களாம். சால்வை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாயிருக்கும். நான் எதையும் சந்தேகப்படவில்லை.