கை வைத்தவருக்கே முதல் உரிமை

என் வீட்டுக்குள் இனி என்னைவிட மூத்த பொருள் எதுவும் நுழையக்கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பியின்போது தீர்மானம் கொண்டுவந்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஒரு மனம் என்னுடையது. என் மனைவி மிரேய் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

மிரேய் உயர்நிலைப் பள்ளியில் இலத்தீன் கற்பிக்கிறாள். செத்த மொழியை வைத்துப் பிழைப்பவளுக்குச் செத்த பொருள்கள்மீது காதல் வந்ததில் வியப்பில்லை. எங்கள் வீட்டில் காப்பிக்கொட்டை அரைக்கும் கைப்பொறிகள் ஒன்பது இருக்கின்றன. காப்பி என்னவோ பொட்டலப் பொடியிலிருந்துதான் வருகிறது. மூடியில்லாத சூப்புக் கிண்ணங்கள் ஆறு. கிண்ணமில்லாத மூடிகள் நான்கு. இந்த ஆறும் அந்த நான்கும் ஒருநாளும் ஒன்றோடொன்று பொருந்தியதில்லை. ஆயினும் ஒரே அலமாரியில் குடும்பம் நடத்துகின்றன, எங்களைப் போல.

எஞ்சியிருந்தது ஒரே ஒரு சுவர். கூடத்தில், சன்னலுக்கும் கணப்படுப்புக்கும் நடுவே, வெறுமையாக, தூய்மையாக, என் பெயர் எழுதாத குறையாக நின்றது. அங்கே அறுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியை மாட்டி, அதன் எதிரே என் முதுமையைக் கழிப்பது என்று முடிவு செய்திருந்தேன். ஊர் எல்லையில் இருக்கும் கடையில் அதற்குத் தள்ளுபடி. அந்த ஞாயிறுதான் கடைசி நாள். பன்னிரண்டரைக்குக் கடையை மூடிவிடுவார்கள். ஐந்நூறு யூரோ என் சட்டையின் உள்பையில், இதயத்துக்கு மிக அருகில் இருந்தது.

"கிளம்பலாமா?" என்றேன்.

"கிளம்பலாமே, என் முட்டைக்கோசே. வழியில சந்தையில ஒரு பத்து நிமிஷம். அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கணும்."

மிரேய் என்னை முட்டைக்கோசே என்று கொஞ்சினால், எங்கோ அடுப்பு பற்றவைத்தாயிற்று என்று பொருள். எச்சரிக்கையானேன்.

"பரிசுன்னா எவ்வளவு பெருசு?"

"கையில தூக்குற அளவுதான்."

"யார் கையில?"

"உன் சந்தேகம் இருக்கே, அதைத்தான் முதல்ல மியூசியத்துல வைக்கணும்."

அன்று ஆறரைக்கே ரொட்டி வாங்கப் போனவள் ஏழேகாலுக்குத்தான் திரும்பியிருந்தாள். ரொட்டிக் கடை எங்கள் வாசலிலிருந்து நாற்பது அடி. "வரிசை" என்றாள். ரொட்டி சூடாக இருந்ததால் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

பதினொன்றரைக்கு லுவார் நதிக்கரையில் இறங்கினோம். மாதத்துக்கு ஒருமுறை கூடும் பழம்பொருள் சந்தை, பாலத்திலிருந்து தேவாலயம் வரை நீண்டு கிடந்தது. சாவியில்லாத பூட்டுகளை ஒருவர் விற்றார். பூட்டில்லாத சாவிகளை அவருக்கு எதிரில் இன்னொருவர் விற்றார். இருவரும் ஒருவரையொருவர் பொருட்படுத்தவில்லை.

இந்தச் சந்தைக்கு எழுதாத சட்டங்கள் இரண்டு உண்டு. ஒரு பொருளின்மேல் பெயர் எழுதிய சீட்டு இருந்தால் அது விற்றுப்போனது. வாங்கியவர் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வார். சீட்டு இல்லாவிட்டால், யார் அதன்மேல் கை வைத்திருக்கிறாரோ அவருக்கே பேரத்தில் முதல் உரிமை. கையை எடுத்த நொடியில் உரிமை அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு நாற்காலிக் காலைப் பிடித்தபடி, சிறுநீரை அடக்கிக்கொண்டு அரைமணி நேரம் நின்ற கனவான்களை நான் அறிவேன்.

லுசியேன் என்ற கிழட்டு வியாபாரியின் கடைமுன் மிரேய் நின்றாள். அங்கே என் சகலை பாஸ்கால், கையில் அளவு நாடாவோடு குனிந்திருந்தார்.

பாஸ்கால் மிரேயின் அக்கா கணவர். பல் மருத்துவர், ஊர் வாயையெல்லாம் திறக்கவைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிப் பழகியவர். சென்ற ஆண்டு இதே சந்தையில், நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு பித்தளைத் தொலைநோக்கியை என் மூக்குக்கு முன்னால் எட்டு யூரோவுக்கு அள்ளிக்கொண்டு போனார். அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிற்று விருந்திலும் அந்த எட்டு யூரோ எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது.

அவர் அளந்துகொண்டிருந்தது, மூடிப்போன ஒரு தையல்பொருள் கடையின் மரப்பெட்டி. பெட்டி என்று சொன்னால் அது கோபித்துக்கொள்ளும். ஆள் நீளம், இடுப்பு உயரம், ஓக் மரம், இருபத்துநான்கு இழுப்பறைகள். ஒவ்வோர் இழுப்பறையிலும் வெள்ளை எனாமல் வில்லையில் அழகான கையெழுத்து: ஊசி, நாடா, பொத்தான், கொக்கி. மேலே சீட்டு ஏதும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

"நீளம் ஒண்ணு எண்பத்திரண்டு மீட்டர்" என்று பாஸ்கால் தமக்குள் சொல்லிக்கொண்டார். "அச்சு வார்த்த மாதிரி!" பிறகு நிமிர்ந்தார். "அட, அர்மான்! பழசெல்லாம் உனக்கு ஒத்துக்காதே, இங்க என்ன பண்ற?"

"சும்மா, காத்து வாங்கலாம்னு."

"வாங்கு, வாங்கு. இங்க பேரம் பேசத் தெரியாதவங்களுக்குக் கிடைக்கிறது அது ஒண்ணுதான்." லுசியேன் பக்கம் திரும்பினார். "பணம் எடுத்துட்டு வந்துடறேன் லுசியேன். யாரும் கொத்திட்டுப் போயிடாம பார்த்துக்குங்க."

சொல்லிவிட்டு நடந்தார். பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு நடந்தார்! அந்த வழவழப்பான மரம் அனாதையாக நின்றது.

"வா, போகலாம்" என்றாள் மிரேய். "அக்காவுக்குப் பரிசா இதைத்தான் கொடுக்கப்போறார் போல."

"என்ன விலையாம்?"

"அறுநூறுன்னு சொல்றாங்க. பாரிஸ்ல இதுக்கு ரெட்டிப்பு கொடுத்து வாங்குவாங்களாம். விடு, அதெல்லாம் பாஸ்கால் மாதிரி ஆளுங்க பண்றது. நமக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?"

என் வலக்கை என்னைக் கேட்காமலே எழுந்தது. போய்ப் பெட்டியின்மேல் அமர்ந்தது.

"அர்மான்! கையை எடு. காலையில என்ன தீர்மானம் போட்ட?"

"தீர்மானம் வீட்டுக்கு. இது வியாபாரம். வாங்குறேன், பாரிஸ்காரன் ஒருத்தன் தலையில கட்டுறேன். அப்புறம் அறுபத்தஞ்சு அங்குலம் எதுக்கு? எண்பத்தஞ்சு!"

"கடவுளே" என்று மிரேய் கண்ணை மூடிக்கொண்டாள். அது வேதனை என்று நினைத்தேன்.

"முந்நூறு" என்றேன் லுசியேனிடம்.

அவர் பதில் சொல்ல வாய் திறந்தபோது தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. திறந்த வாயை அவர் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தத் தீர்மானித்தார். கட்டம்போட்ட துணி ஒன்றை உதறி, என் கைக்குப் பக்கத்திலேயே பெட்டிமேல் விரித்தார். உலர்ந்த பன்றிக்கறித் தொத்திறைச்சி வந்தது. பாலாடைக்கட்டி வந்தது. சிவப்பு ஒயின் வந்தது.

"மிஸ்யே, சாப்பாட்டு நேரத்துல நான் விக்கிறதில்லை. எங்கப்பாவும் வித்ததில்லை."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. முந்நூறா, இல்லையா?"

"வாய் நிறைய சோத்தை வச்சுக்கிட்டு விலை சொன்னா, அது எனக்கே புரியாது மிஸ்யே."

எதிர்ச் சாரியில் உருளைக்கிழங்கு வறுவல் கடை. பாஸ்கால் அங்கே பொட்டலத்தோடு நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்தபடி ஒரு வறுவலை எடுப்பார், உப்பில் தொடுவார், மெல்லுவார். அவர் மென்றது வறுவலைத்தானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

பன்னிரண்டேகால். உள்ளங்கை வியர்த்தது. மிரேய் எனக்கும் ஒரு சுட்ட இறைச்சி ரொட்டி வாங்கிவந்து, என் வாயில் ஊட்டினாள். வழிப்போக்கர்கள் எனக்குக் கை விளங்காது என்று நினைத்து வழிவிட்டார்கள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை" என்றாள். "கையை எடுத்துட்டு வண்டியில ஏறினா டிவி கடையைப் பிடிச்சிடலாம். நீ ஆசைப்பட்ட டிவி. என்னமோ மாடல்னு ராத்திரி தூக்கத்துலகூட உளறுன. நான் குறுக்கே நிக்கமாட்டேன்."

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். வாழ்நாளின் ஆசை ஒன்று ஒன்றரை மைல் தொலைவில் எனக்காகக் காத்திருந்தது. இரண்டு விரல்களைத் தூக்கியும் விட்டேன்.

எதிர்ச் சாரியில் பாஸ்கால் வறுவல் பொட்டலத்தைக் கசக்கி எறிந்துவிட்டுக் கைகளைத் துடைத்தார். ஓர் அடி எடுத்து வைத்தார்.

விரல்கள் இரண்டும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டன.

பன்னிரண்டரைக்கு ஊர் எல்லையில் ஒரு கடை தன் இரும்புக் கதவை இறக்கியிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. லுசியேன் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகத் துணியை மடித்தார். பேரம் தொடங்கியது.

"ஐந்நூத்தம்பது."

"முந்நூத்தம்பது. கால் ஒண்ணு ஆடுது பாருங்க."

"பெட்டியா ஆடுது? உங்க கைதான் ஆடுது மிஸ்யே."

"நானூறு. அதுக்கு மேல போனா என் பொண்டாட்டி என்னை வீட்டுல சேர்க்கமாட்டா."

"நானூத்தம்பது. அதுக்குக் கீழ வந்தா என் பொண்டாட்டி என்னைச் சேர்க்கமாட்டா. ரெண்டு பேருமே தெருவுல நிக்கணுமா?"

நானூற்றைம்பதுக்கு முடிந்தது. நூற்றைம்பது குறைத்திருக்கிறேன்! நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் கையை எடுத்தேன். மரத்தில் என் உள்ளங்கையின் ஈரத்தடம், வெற்றி முத்திரைபோல் பதிந்திருந்தது.

தோற்றவர் நெருங்கி வந்தார். நான் மார்பை நிமிர்த்தினேன்.

"முந்திக்கிட்டியே, அர்மான்" என்று பாஸ்கால் என் தோளில் தட்டினார். "பரவாயில்லை. என் வண்டியில ஏத்திக்கலாம் வா."

அவருடைய வண்டியில் பின்னிருக்கைகள் கழற்றப்பட்டிருந்தன. இரண்டு கம்பளிகள் விரித்திருந்தன. கயிறு இருந்தது. தூக்கும் பட்டைகள் இருந்தன. தோல்வியை இவ்வளவு முன்னேற்பாட்டோடு ஏற்றுக்கொண்ட மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர்மேல் முதன்முறையாக மரியாதைகூட வந்தது.

வீட்டுக் கூடத்தில் நானும் அவரும் அதை மூச்சுமுட்டச் சுமந்து நின்றோம்.

"எங்க வைக்கிறது?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? நீ வாங்கினது" என்றாள் மிரேய். "சரி, விக்கிறவரைக்கும் அந்தச் சுவரோரமா இருக்கட்டும்."

சன்னலுக்கும் கணப்படுப்புக்கும் நடுவே இறக்கினோம். இந்தப் பக்கம் ஒரு விரல் இடைவெளி. அந்தப் பக்கமும் ஒரு விரல். தற்செயல்தான் எவ்வளவு துல்லியமானது என்று வியந்தேன்.

"எழுநூறு கொடுத்தா உங்களுக்கே தர்றேன்" என்று பாஸ்காலிடம் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"எனக்கா? எங்க வீட்டுல சுவர் ஏது? எல்லாம் சன்னலாச்சே!" என்று சிரித்துவிட்டு, அளவு நாடாவை மிரேயிடம் கொடுத்தார். "உன் நாடா, மிரேய். ஞாபகமா வாங்கி வச்சுக்க." பிறகு போய்விட்டார்.

நான் சற்று நேரம் சுவர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிரேய் எங்கிருந்தோ ஒன்பது காப்பிப் பொறிகளையும் தூக்கிவந்து பெட்டிமேல் வரிசையாக அடுக்கினாள். இடம் அளவாக இருந்தது.

செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஊசியில் ஊசியில்லை. பொத்தானில் பொத்தானில்லை. இருபத்துமூன்றும் காலி. இருபத்துநான்காவது, 'கொக்கி'. அதற்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு, சந்தையில் விற்றுப்போன பொருள்களின்மேல் ஒட்டும் அதே மஞ்சள் சீட்டு, லுசியேனின் கோணல் கையெழுத்தில்:

"விற்றாயிற்று. மதாம் மிரேய் தெலோர்ம், காலை ஆறே முக்கால். முன்பணம் ஐம்பது. மீதி நானூற்றைம்பதைக் கணவர் வந்து பேரம் பேசிக் கொடுப்பார்; பேசவிடவும்."