கோபுரத்தடியில் பொன்னாடை

ஒரு காட்டில் ஓர் உர ஆலை இருந்தது. சிங்கம் எங்கே என்று கேட்காதீர்கள். சிங்கம் மீட்டிங்கில் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆலையைக் கட்டி மேய்த்தவள் மாசாணி என்கிற மரநாய்.

ஆலையின் வேலை பெரிய மாயமில்லை. மூங்கிலைவிட உயரமான ஒரு கோபுரம். அதன் உச்சியில் பூந்திக் கரண்டி மாதிரி ஓட்டை போட்ட பெரிய வாளி. உலையில் உருகிய உரம் குழாய் வழியாக அந்த வாளிக்கு ஏறி, சொட்டுச் சொட்டாகக் கோபுரத்துக்குள் விழும். பூந்திக்கு எண்ணெய் என்றால் இதற்குக் குளிர்ந்த காற்று. அடியில் உள்ள ஜன்னலில் வௌவால்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு சிறகால் விசிறும். காற்று மேலே ஏறும், சொட்டு கீழே இறங்கும். தரைக்கு வருவதற்குள் இறுகி, கடுகு மாதிரி உருண்டையாகிவிடும். எலி விவசாயிகள் அதை மூட்டையாக வாங்கிப்போய் வயலில் தூவுவார்கள்.

இந்த ஆலைக்குத் தரம் பார்க்கக் கரிவரதர் என்ற யானை வருவதாகச் செய்தி வந்தது. உருண்டை சரியில்லை என்றால் அன்றைக்கே பூட்டு. பக்கத்துக் காட்டு ஆலையை அப்படித்தான் பூட்டினார். அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னமும் காடு காடாக அலைகிறார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலையைப் பார்க்க வருகிற அதிகாரியை, எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று வரவேற்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் மரியாதைக் குறைவு. ஆகவே வௌவால்களும் வந்தன. அவற்றுக்கு நிற்க வராது என்பதால் பந்தல் கம்பில் தொங்கி, தலைகீழாக வணக்கம் வைத்தன. "என்ன பணிவு, என்ன பணிவு!" என்று கரிவரதர் நெகிழ்ந்துபோய் மைக்கைப் பிடித்தார். யானை பிடித்த மைக்கை யார் பிடுங்குவது?

உலையை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் உரம் குழாயிலேயே இறுகிக் கல்லாகிவிடும். மாசாணி நைசாக நழுவிப் போய்க் கோபுரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். காற்று இல்லாமல் சொட்டெல்லாம் சூட்டோடு விழுந்து, வடாம் காயப்போட்ட மொட்டைமாடி மாதிரித் தரை முழுக்கத் தட்டைத் தட்டையாகக் கிடந்தது.

அவள் பந்தலுக்கு ஓடி, வௌவால்களின் தலைவன் தூங்கானின் காதைக் கடித்தாள். "எலே, ஜன்னலுக்குப் போங்கலே. எல்லாம் தட்டையா விழுது!"

"ஐயா பேசிக்கிட்டு இருக்காகளே அக்கா. பாதியில பறந்தா நல்லாவா இருக்கும்?"

"ஆலையே போகப்போகுதுலே!"

"போகட்டும்னு நான் சொல்லலை. ஆனா அவுக நம்ம மூஞ்சியப் பார்த்துல்லா பேசுதாக."

மாசாணிக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை பேர் சோறும் அந்த உருண்டையில்தானே இருக்கிறது!

அப்போதுதான் கவனித்தாள். பேச்சு சூடுபிடிக்கப் பிடிக்கக் கரிவரதரின் காதுகள் படபடவென்று அடித்தன. பந்தல் துணி உப்பியது. முன்வரிசை முயல்கள் பின்வரிசையில் போய் விழுந்தன. மாசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, பொன்னாடை பாக்கி இருக்கு. அதைக் கோபுரத்தடியிலதான் போர்த்தணும். எங்க ஆலை வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிஷம் வரை கிடையாது.

கரிவரதரை ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு பொன்னாடையாகப் போர்த்திக்கொண்டே போனார்கள். பக்கத்தில் உலையின் அனல், மேலே பட்டு, உள்ளே யானை. காதுகள் அடித்த அடியில் கோபுரம் ஊளையிட்டது. அதற்குள் முயல்கள் பின்வாசல் வழியாகத் தட்டைகளை அள்ளி மறுபடி உலையில் போட்டன. சற்று நேரத்தில் கலகலவென்று உருண்டைகள் கொட்ட ஆரம்பித்தன.

கரிவரதர் துதிக்கையால் கொஞ்சம் அள்ளிப் பார்த்தார். "பிரமாதம்! யார் வேலை இது?"

பழைய கதையாக இருந்தால் மாசாணி இங்கே உண்மையைச் சொல்லிப் பரிசு வாங்கியிருப்பாள்.

"ஐயா வந்து உட்கார்ந்த நேரந்தான்," என்றாள். "அதுக்கு முன்னாடி பூராவும் தட்டை."

"தெரியும்," என்றார் அவர் அடக்கமாக. "போற இடமெல்லாம் இப்படித்தான் ஆகுது. ஆமா, நான் கிளம்பிட்டா?"

"திரும்பவும் தட்டைதான் ஐயா."

கரிவரதருக்கு மனசு கேட்கவில்லை. தலைமையகத்தில் சொல்லி, அந்த ஆலைக்கே நிரந்தரத் தர அதிகாரியாக மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தினமும் காலையில் ஜன்னலோர நாற்காலியில் அமர்கிறார், போர்த்திக்கொள்கிறார், பேசுகிறார். பேசப் பேசக் காது வேகமாக ஆடுவதால் யாரும் அவரை நிறுத்தச் சொல்வதில்லை. வௌவால்கள் அவர் தலைக்கு மேலே தொங்கி, முழுச் சம்பளத்தில் தூங்குகின்றன.

நீதி: மேலதிகாரியால் எந்தப் பயனும் இல்லை என்று சலித்துக்கொள்ளாதே, அவரை எங்கே உட்கார வைப்பது என்று யோசி.